ஆயா சொன்ன மகாபாரதமும் டிவியில் வந்த மகாபாரதமும்: பழசைத் திரும்பப் பார்ப்பவர்கள் வாருங்கள்

செஞ்சிக்கோட்டை:

போன வருஷம் ஆடியில் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகளோடு உட்கார்ந்து, பி.ஆர். சோப்ராவின் பழைய மகாபாரதத்தை வாரத்துக்கு ஒரு பகுதி வீதம் பார்க்கிறோம். மொத்தம் 94 பகுதி. எழுபதைத் தாண்டிவிட்டோம். இனி போர்தான்.

இது தூர்தர்ஷனில் 1988 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தெருவில் ஒரே ஒரு வீட்டில் டிவி. சாலிடேர், இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்துகிற மரக்கதவு வைத்தது. மெட்ராஸ் ஒளிபரப்பை எட்டிப் பிடிக்க மாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, அதன் தலையில் ஆன்டெனா. காற்றடித்தால் ஒருவர் மேலே நின்று திருப்புவார், இன்னொருவர் வாசலில் நின்று “வந்துச்சு, போச்சு, இன்னும் கொஞ்சம்” என்று குரல் கொடுப்பார்.

தொடர் இந்தியில் ஓடும். எங்கள் தெருவில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனால் எங்கள் ஆயா இருந்தாள். கால் நீட்டி சுவரில் சாய்ந்துகொண்டு, திரையில் யார் வாயசைத்தாலும் அவர் என்ன சொல்கிறார் என்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். கிழவி சொல்வதைக் கேட்க வீட்டுக்காரரே டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார். தொடக்கத்தில் இருட்டில் சக்கரம் சுழல ஒரு கனமான குரல் வருமே, அதை வியாசர் பேசுகிறார் என்றாள் ஆயா. தெரு முழுக்க அப்படித்தான் நம்பினோம்.

பிறகு வேலைக்காகப் புனேயில் பதினாலு வருஷம் இருந்ததில் இந்தி நன்றாக வந்துவிட்டது. போன வருஷம் முதல் பகுதியைப் போட்டதும் அந்தக் குரல் “மைன் சமய் ஹூன்” என்றது. நான் காலம். அப்படியே நிறுத்திவிட்டேன். அது வியாசர் இல்லை. காலமே உட்கார்ந்து கதை சொல்கிறது. முப்பத்தைந்து வருஷம் கழித்து முதல் வரியிலேயே ஆயாவின் கதையும் டிவியின் கதையும் பிரிந்தன.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று பிரிகிறது. சூதாட்ட மண்டபக் காட்சியில் எனக்கு நினைவிருந்தது புடவை மட்டும்தான், வந்துகொண்டே இருக்கும் புடவை. இப்போது கேட்டால், அதற்கு முன்னால் திரௌபதியாக வரும் ரூபா கங்குலி அந்தச் சபை முழுவதையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார். தன்னையே தோற்றுவிட்ட ஒருவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? ஒவ்வொரு பெரியவர் முகமாகப் பார்த்துக் கேட்கிறார். பீஷ்மர் தலை குனிகிறார். இவ்வளவு வார்த்தை அந்த இடத்தில் இருந்ததே எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்த இடத்தில் மட்டும் ஆயா எதுவும் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அதனால்தான் எனக்கு வார்த்தை இல்லை, புடவை மட்டும் இருக்கிறது.

பாஷை புரியாமல் பார்த்த பழைய தொடரைப் புரிந்துகொண்டு திரும்பப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? உங்களுக்கு எது மாறியது?

ரேழி:

எங்கள் வீட்டிலும் ஒருவருக்கும் இந்தி தெரியாது, ஆனாலும் பாதிக்கு மேல் புரிந்தது. காரணத்தை வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அது தெருவில் பேசுகிற இந்தி இல்லை. யுத்தம், தர்மம், பிரதிக்ஞை, ராஜ்யம், புத்திரன், சிம்மாசனம் என்று வரிக்கு வரி சமஸ்கிருதச் சொற்கள். அவையெல்லாம் கதாகாலட்சேபத்திலும் பழைய புராணப் படங்களிலும் நம் காதில் விழுந்தவை. நடுவில் இருக்கும் ‘ஹை’, ‘கா’, ‘கீ’ எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் கதை கையில் நிற்கும்.

இதையே 1984, 85இல் வந்த ‘ஹம் லோக்’ தொடரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது நடுத்தரக் குடும்பத்துக் கதை. அதில் வருவது வீட்டுக்குள் பேசுகிற இந்தி. எங்கள் வீட்டில் கடைசியில் நடிகர் அசோக் குமார் வந்து பேசுவதை மட்டும் பார்ப்போம், அதுவும் அவர் முகத்துக்காக. கதை ஒரு வரி ஏறவில்லை.

மகாபாரதத்துக்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா. உருது எழுத்தாளர், காஜிப்பூர்க்காரர். பிதாஸ்ரீ, மாதாஸ்ரீ என்று எல்லோரும் கூப்பிடுவார்களே, அந்த வழக்கை அந்தத் தொடருக்காக உருவாக்கியவர் அவர்தான். பையன்கள் நாங்கள் அப்பாவைப் பிதாஸ்ரீ என்று கூப்பிட்டுத் திரிந்தோம். ஒரு முஸ்லிம் எழுத்தாளர் அமைத்த சமஸ்கிருத நடை, இந்தி தெரியாத மயிலாப்பூர்ப் பையன்களின் வாய்க்கு வந்து சேர்ந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது.

கொம்புத்தாளம்:

செஞ்சிக்கோட்டை அக்கா, உங்கள் ஆயா எந்த பாரதத்தைச் சொல்லியிருப்பார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். எங்கள் தாத்தா கூத்து கட்டியவர், நான் விழுப்புரம் பக்கம். நம் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். பிரசங்கியார் கையில் இருப்பது வில்லிபாரதம், வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய பாரதம். வில்லிபுத்தூரார் பிறந்ததாகச் சொல்கிற சனியூர் நம் திருமுனைப்பாடி நாட்டு ஊர்தான். ஆயா வருஷா வருஷம் கோயில் பந்தலில் உட்கார்ந்து கேட்டதைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

நீங்கள் போர்க்கட்டத்துக்கு வந்துவிட்டதால் ஒன்று சொல்லி வைக்கிறேன். அரவானை எதிர்பார்க்காதீர்கள். அந்தத் தொடரில் அரவான் களப்பலி இல்லவே இல்லை. நான் கல்லூரி முடித்த பிறகு குறுந்தகடு வாங்கிப் பார்த்தபோது போர் தொடங்குகிற பகுதியை இரண்டு தடவை திருப்பிப் போட்டேன், நடுவில் ஏதோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து. நமக்கு அரவான் இல்லாமல் குருக்ஷேத்திரம் எப்படித் தொடங்கும்?

தெரியாதவர்களுக்காக: அரவான் அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த பிள்ளை. போரில் ஜெயிக்கக் களத்தில் பலி கொடுக்க வேண்டும், முப்பத்திரண்டு லட்சணமும் உள்ளவனாக இருக்க வேண்டும். பலிக்கு நாள் குறித்துக் கொடுத்தவன் சகாதேவன், கேட்டு வந்தவன் துரியோதனன். எதிரியே வந்து கேட்டாலும் சாஸ்திரத்தில் பொய் சொல்ல மாட்டான் சகாதேவன். அமாவாசை என்று சொல்லிவிட்டான். கிருஷ்ணர் ஒரு நாள் முன்னாலேயே ஆற்றங்கரையில் தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்தார். இன்றைக்கு ஏது அமாவாசை என்று சூரியனும் சந்திரனும் கேட்க வந்து ஒன்றாக நின்றார்கள். இருவரும் சேர்ந்தால் அதுதானே அமாவாசை? துரியோதனனுக்கு முன்னால் பாண்டவர்கள் அன்றைக்கே அரவானைப் பலி கொடுத்துவிட்டார்கள்.

படுகளத்தையும் சொல்ல வேண்டும். கோயில் வெளியில் மண்ணால் துரியோதனனைப் படுக்கப் போட்டிருப்பார்கள். வீடு நீளம் இருப்பான். பீமன் வேஷக்காரர் அவன் தொடையில் அடிப்பார், சிவப்புத் தண்ணீர் கிளம்பும், அதைத் தொட்டுத் திரௌபதி அம்மனுக்குக் கூந்தல் முடிப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு டிவியில் பீமன் துரியோதனனை அடிக்கிற காட்சி நிழல் மாதிரிதான் இருக்கும். தொடரைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஒன்று பெரிதாக நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி:

நான் மாற்றுக் கருத்து சொல்ல வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பழையதைத் திரும்பப் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷனில் ராமாயணமும் டிடி பாரதியில் மகாபாரதமும் திரும்பப் போட்டார்களே, அப்போது ஆசையாக உட்கார்ந்தேன். ஒன்பது வயதில் வானத்தில் அம்பும் அம்பும் மோதி நெருப்பு பறந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது பார்த்தால் நின்ற இடத்தில் நிற்கிற ரதம், ஒரே அம்பு திரும்பத் திரும்ப. ஒருவர் பேசி முடித்ததும் எதிரில் இருப்பவர் முகத்தை மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள். என் பையன்கள் இரண்டாவது பகுதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்கு 2013இல் விஜய் டிவியில் தமிழில் வந்த மகாபாரதம்தான் மகாபாரதம்.

அந்த ஊரடங்குக்கு முன்னால் என் மனதில் ஒரு மகாபாரதம் இருந்தது, அது பெரிதாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் சுருங்கிப்போன படம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதை நான் இழந்துவிட்டேன் என்றுதான் சொல்வேன்.

செஞ்சிக்கோட்டை:

மூன்றாம் மாடி அண்ணா, கோபம் எதற்கு? நீங்கள் சொல்கிற சுருக்கம் எனக்கும் நடந்தது. முதல் நான்கைந்து வாரம் என் மகளுக்கும் பொறுமை இல்லை. ஊரடங்கில் நாள்தோறும் போட்டார்கள். அந்தத் தொடர் வாரத்துக்கு ஒன்று என்று எடுத்தது. அந்த முகங்களை மூன்று கோணத்தில் காட்டுவது அடுத்த ஞாயிறு வரை நம் மனதில் நிற்கட்டும் என்றுதான் என எனக்குத் தோன்றுகிறது. ஏழு நாள் இடைவெளி விட்டுப் பார்த்தால் அந்த மெதுவு உறுத்தவில்லை. மகள் இப்போது புதன்கிழமையே “கர்ணன்கிட்ட குந்தி போய் உண்மையைச் சொல்லுவாளா?” என்று கேட்கத் தொடங்கிவிடுகிறாள். அந்தக் கேள்வியை மூன்று நாள் வைத்திருக்க வேண்டும் இல்லையா, அதில்தான் ருசி.

அம்பு விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். அம்பு எனக்கும் சின்னதாகிவிட்டது. பேச்சு பெரிதாகிவிட்டது. சகுனியாக வரும் கூஃபி பெயிண்டல் கண்ணை மூடித் திறப்பதற்குள் குரலில் எவ்வளவு மாற்றம்! அந்தத் தொடருக்கு நடிகர்களைத் தேர்வு செய்தவரும் அவரே. சின்ன வயதில் எனக்கு அவர் நொண்டி நடப்பது மட்டும்தான் தெரிந்தது.

கொம்புத்தாளம் தம்பி, நீ எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அரவான் இல்லை என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

நொய்யல்:

பாஷை என்று பேச்சு வந்ததால் ஒன்று. மகாபாரதம் முடிந்து சில வருஷத்தில் தமிழில் குரல் கொடுத்த இந்தித் தொடர்கள் வந்தன, ஜுனூன், சாந்தி. “கொன்னுடுவேன் உன்னை நான்” என்று ஆரம்பித்து எங்கள் கோயம்புத்தூர் கல்லூரி விடுதி முழுக்க ஜுனூன் தமிழ்தான். இந்தியிலும் தமிழிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும், பிறகு ஏன் இப்படிக் குப்புறக் கவிழ்ந்தது என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். போன மாதம் சில பகுதிகளைப் பார்த்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் கவனித்தேன். உதடு மூடுகிற இடத்தில் மூடுகிற எழுத்து விழ வேண்டும், இழுத்து முடிக்கிற இடத்தில் நெடில் வேண்டும். அதற்காகத்தான் சொற்களை இடம் மாற்றியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அந்தக் குரல் கலைஞர்கள் எவ்வளவு நெருக்கடியில் வேலை பார்த்தார்கள் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ரேழி:

நொய்யல், இதை இப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நன்றி.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ராமானந்த் சாகரின் ராமாயணத்தில் (1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை, 78 பகுதி) தொடக்கத்தில் எந்தெந்த ராமாயணத்தை ஆதாரமாகக் கொண்டோம் என்று வரிசையாகப் பெயர் போடுவார்கள். அதில் கம்பராமாயணமும் இருக்கிறது. எழுத்து இந்தியில் ஓடியதால் எனக்குத் தெரியவில்லை. 2020இல் என் மகள் படித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஒன்றரை வருஷம் ஞாயிறு தோறும் கம்பன் பெயர் எங்கள் கூடத்தில் ஓடியிருக்கிறது, நாங்கள் ஒருவரும் அறியவில்லை.

வடமராட்சிக் கடல்:

வணக்கம். நான் இப்ப டொரண்டோவில் இருக்கிறன். இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டில் ஆன்டெனாவைத் தமிழ்நாட்டுப் பக்கம் திருப்பி வைத்திருப்போம். வானம் வெளித்திருந்தால் படம் வடிவாக வரும், இல்லாவிட்டால் மணல் கொட்டின மாதிரி இருக்கும். மகாபாரதம் தொடங்கினபோது ஊரில் இந்திய இராணுவம். ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்களிலும் ஞாயிறு காலை எங்கட விறாந்தையில் பதினைந்து இருபது பேர் இருப்பினம். எங்களுக்கும் ஒருவர் கதை சொல்லுவார், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், அப்பாவின் சிநேகிதர். செஞ்சிக்கோட்டை தங்கச்சி தன் ஆயாவைப் பற்றி எழுதினதை வாசிக்கும்போது எனக்கு வாத்தியாரின் குரல் கேட்டது.

1990 மார்ச்சில் இந்திய இராணுவம் போனது. ஜூன் மாதம் இரண்டாவது கிழமை சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் நின்றது. மகாபாரதம் ஜூன் 24இல் முடிந்தது என்று தங்கச்சி எழுதாவிட்டாலும் எனக்கு அந்தத் திகதி தெரியும், பிறகு தேடிப் பார்த்து வைத்திருக்கிறேன். கடைசிப் பகுதிகளை நாங்கள் பார்க்கவில்லை. பீஷ்மர் அம்புப் படுக்கையில் இருந்தார், உயிர் போகவில்லை. போகிற நாளை அவரே தெரிந்தெடுக்கலாம், அந்த வரம் இருக்கிறது, உத்தராயணம் வரட்டும் என்று காத்துக்கொண்டு கிடந்தார். அந்த இடத்தோடு எங்கட வீட்டு டிவி நின்றுவிட்டது. பிறகு நாங்கள் இடம்பெயர்ந்தோம். வாத்தியார் 1991இல் காலமாகிவிட்டார்.

எனக்குப் பீஷ்மர் முப்பது வருஷமாக அந்தப் படுக்கையிலேயே கிடக்கிறார். கடைசிப் பகுதி இணையத்தில் இருக்கிறது என்று தெரியும். ஊரடங்கு நேரத்தில் மகன் போட்டுக் காட்ட வந்தான், வேண்டாம் என்றேன். மூன்றாம் மாடி சொன்ன காரணம் இல்லை. சின்னதாகிவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. அந்த விறாந்தையில் இருந்த ஆட்களில் நான் மட்டும் தனிய இருந்து முடிவைப் பார்க்கிறது சரியாகப் படவில்லை.

கொம்புத்தாளம்:

ஐயா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு தடவை படித்தேன்.

மூன்றாம் மாடி:

வடமராட்சிக் கடல், நான் திரும்பப் பார்க்கக் கூடாது என்று சொன்னது என் ஒருவனுடைய அனுபவம். என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை, எனக்கு அது இன்னும் நஷ்டம்தான். ஆனால் உங்களுக்கு அது திரும்பப் பார்ப்பதே இல்லை. நீங்கள் அதை இன்னும் பார்த்து முடிக்கவில்லை. பாருங்கள் ஐயா.

செஞ்சிக்கோட்டை:

இரண்டு வாரம் இந்தப் பக்கம் வர முடியவில்லை. போன ஞாயிறு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு படையும் எதிரெதிரே வந்து நின்றாயிற்று. சங்கு ஊதப் போகிறார்கள். அங்கே நிறுத்தினேன். மகள் “ஏம்மா?” என்றாள். இங்கே டிவியில் இல்லாத ஒன்று இருக்கிறது என்று சொல்லி அரவான் கதையைச் சொன்னேன். ஆயா மாதிரி கால் நீட்டி சுவரில் சாய்ந்துகொண்டேன். சகாதேவன் நாள் குறித்தது, தர்ப்பணம், சூரியனும் சந்திரனும் வந்து நின்றது, எல்லாம் வரிசையாக வந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை, எங்கேயோ இருந்திருக்கிறது. தலையைத் தனியாக வைத்துவிட்டால் பதினெட்டு நாள் சண்டையையும் பார்ப்பேன் என்று அரவான் வரம் கேட்டதைச் சொன்னதும் அவள், “பதினெட்டு நாளும் கண்ணை மூடவே இல்லையா?” என்றாள். அதே கேள்வியை நானும் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன். ஆயா சொன்னதையே சொன்னேன்: “இமைச்சா அவங்க அப்பா விடுற அம்பு ஒண்ணு தப்பிப் போயிடுமே.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சரி, போடு என்றாள்.

வடமராட்சி அண்ணா, எங்களுக்கு இன்னும் இருபது பகுதி இருக்கிறது. நாங்கள் கடைசிப் பகுதிக்கு வருகிற வாரம் இங்கே எழுதுகிறேன். எங்களுக்கு ஞாயிறு காலை பத்து மணி. அங்கே நீங்களும் அதே நேரத்தில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம். பீஷ்மர் பேசுகிற இந்தியை நான் அப்போதைக்கு அப்போது தமிழில் இங்கே எழுதிக்கொண்டே வருகிறேன்.

கொம்புத்தாளம்:

நானும் வருகிறேன். தாத்தாவின் வில்லிபாரதப் புத்தகத்தை எடுத்து வைக்கிறேன். வில்லி போர் முடிவதோடு நிறுத்திவிட்டார், பீஷ்மர் போவது அதில் இருக்காது. இருந்தாலும் புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும்.

வடமராட்சிக் கடல்:

பத்து மணி என்றால் எனக்கு சனி இரவு. முழித்திருப்பேன் தங்கச்சி. மகனையும் இருக்கச் சொல்கிறேன்.